உணவுக்குழாய் அகற்றமும் இரைப்பை வடிகாலும்: ஒரு நீண்ட விவாதத்தின் வரலாறு

புற்றுநோய்க்காக உணவுக்குழாயை அகற்றும் அறுவை சிகிச்சையில், அகற்றிய குழாயின் இடத்தை நிரப்பப் பெரும்பாலும் நோயாளியின் இரைப்பையே பயன்படுகிறது. இரைப்பையை அதன் கட்டுகளிலிருந்து விடுவித்து, மார்புக்குள்ளோ கழுத்து வரையிலோ மேலே இழுத்து, எஞ்சிய உணவுக்குழாயின் நுனியோடு இணைத்துத் தைக்கிறார்கள். உணவுக்குழாயை ஒட்டியே இறங்கும் வேகஸ் நரம்பின் இரு தண்டுகளும் இந்த அறுவையில் ஏறக்குறைய எப்போதும் அறுபட்டுவிடும். இரைப்பையின் அசைவையும், அதன் கீழ்வாயாகிய பைலோரஸ் என்னும் தசை வளையம் திறந்து மூடுவதையும் நெறிப்படுத்தும் நரம்பு அதுதான். நரம்பிழந்த இரைப்பை சோர்ந்து கிடக்க, பைலோரஸ் இறுகி நின்றால், உண்ட உணவும் சுரந்த நீரும் முன்சிறுகுடலுக்குள் இறங்காமல் தேங்கும். இதைத் தடுக்கப் பைலோரஸைத் தளர்த்தவோ பிளக்கவோ விரிக்கவோ செய்யும் வழிமுறைகள் அனைத்தும் இரைப்பை வடிகால் செய்முறைகள் எனப்படும்.

தேக்கம் சிறிய தொல்லை அல்ல. வயிற்றில் இருக்கும் இரைப்பை நிரம்பினால் குமட்டலும் வாந்தியும் வரும். மார்புக்குள் இருக்கும் இரைப்பை நிரம்பினாலோ, மேல்வாய்த் தசைக்கட்டு ஏற்கெனவே அகற்றப்பட்டுவிட்டதால், உள்ளடக்கம் தொண்டை வரை ஏறி மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடலாம். அதனால் வரும் நிமோனியா, உணவுக்குழாய் அகற்றத்துக்குப் பின் உயிரைப் பறிக்கக்கூடிய சிக்கல்களுள் ஒன்று. வீங்கிய இரைப்பை நுரையீரலை அழுத்தும். புதிதாகத் தைத்த இணைப்பையும் இழுக்கும். ஆகவே பைலோரஸில் இரண்டு சென்டிமீட்டர் நீளக் கீறல் ஒன்று வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி, பார்வைக்குச் சிறிதாகத் தோன்றினாலும், பல தலைமுறை அறுவை மருத்துவர்களை உழைக்க வைத்திருக்கிறது.

பிற நோய்களுக்காகப் பிறந்த கருவிகள்

இன்று உணவுக்குழாய் அறுவையில் பயன்படும் வடிகால் முறைகளில் பழையவை எவையும் உணவுக்குழாய்க்காக உருவானவை அல்ல. வரலாற்றைப் புரிந்துகொள்ள இதுவே முதல் திறவுகோல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மருத்துவர்களை வாட்டியது, நாட்பட்ட புண் ஆறித் தழும்பாகிச் சுருங்கிய பைலோரஸ். இத்தாலியின் பொலோஞா நகரில் பியெத்ரோ லோரேத்தா 1880களில் இரைப்பையைத் திறந்து, விரலை நுழைத்துப் பைலோரஸை விரித்தார். எர்லாங்கனில் ஹைனெக்கே 1886இலும், அவரைச் சாராமல் மிக்குலிச் 1887இலும் வேறொரு வழியைக் கண்டனர். பைலோரஸை நீளவாக்கில் பிளந்து, அதே பிளவைக் குறுக்குவாக்கில் தைத்தால் வாய் அகலமாகும் என்பதே அது. ஹைனெக்கே–மிக்குலிச் பைலோரோபிளாஸ்டி என்ற பெயரில் இந்த எளிய வடிவியல் உத்தி இன்றுவரை மாறாமல் கையாளப்படுகிறது. 1902இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஃபின்னி, இரைப்பையையும் முன்சிறுகுடலையும் அருகருகே சேர்த்து இன்னும் அகலமான வாய் அமைக்கும் முறையை வெளியிட்டார்.

மிக்குலிச்சின் பெயர் இங்கே இரட்டிப்பு முக்கியத்துவம் உடையது. உணவுக்குழாயின் உட்புறத்தைக் கருவி வழியாகக் கண்ட முன்னோடிகளில் அவரும் ஒருவர். மார்பைத் திறந்தால் நுரையீரல் சுருங்கிவிடும் சிக்கலுக்குத் தீர்வாகச் சாவர்புருக் 1904இல் குறைவழுத்த அறையை உருவாக்கியதும் பிரெஸ்லாவில் மிக்குலிச்சின் துறையில்தான். பைலோரஸைத் திறக்கும் வழியும் மார்பைத் திறக்கும் வழியும் ஒரே ஆசானின் வட்டத்தில் வளர்ந்தன. இரண்டும் ஒரே அறுவையில் சந்திக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

இரண்டாவது கருவி குழந்தை மருத்துவத்திலிருந்து வந்தது. பிறந்த சில வாரங்களில் பைலோரஸ் தசை தடித்து, குடித்த பாலை எல்லாம் வாந்தியெடுக்கும் சிசுக்களுக்காகப் பிரான்சின் ஃப்ரெடே 1907இலும், ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரில் ராம்ஸ்டெட் 1912இலும் தசைப் பிளவு முறையை விவரித்தனர். ஃப்ரெடே பிளந்த தசையைக் குறுக்காகத் தைத்தார். அந்தத் தையலே தேவையில்லை என்று காட்டியவர் ராம்ஸ்டெட். தசையை மட்டும் பிளந்து உட்சவ்வைத் தொடாமல் விடும் இந்தப் பைலோரோமையோட்டமியில் இரைப்பையின் உட்புறம் திறக்கப்படுவதில்லை. கசிவு பற்றிய அச்சம் குறைவு என்பதால் பிற்கால மார்பு அறுவை மருத்துவர்கள் பலருக்கு இது பிடித்துப்போனது.

சிகாகோவில் சந்தித்த இரு பாதைகள்

1913இல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் மார்பு உணவுக்குழாயை முதன்முறையாக வெற்றிகரமாக அகற்றியபோது இரைப்பை மேலே இழுக்கப்படவில்லை. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டையும் உடலுக்கு வெளியே இணைக்கும் ரப்பர் குழாய்: அந்த நோயாளி பல ஆண்டுகள் உணவருந்தியது அப்படித்தான். இரைப்பை இருந்த இடத்திலேயே இருந்ததால் வடிகால் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. இரைப்பையை விடுவித்துக் கழுத்துவரை கொண்டுசெல்ல முடியும் என்பதைக் கிர்ஷ்னர் 1920இல் காட்டினார். கியோட்டோவில் ஓசாவா 1933இல் மார்புக்குள்ளேயே இரைப்பையை உணவுக்குழாயோடு இணைத்தார். 1938இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆடம்ஸும் ஃபெமிஸ்டரும் ஒரே கட்டத்தில் அகற்றி இணைத்த அறுவையை வெளியிட்டனர்.

அதே சிகாகோவில், அதே துறையில், ஐந்தாண்டுகளுக்குப் பின் லெஸ்டர் டிராக்ஸ்டெட் முற்றிலும் வேறொரு நோக்கத்தோடு வேகஸ் நரம்பை அறுத்தார். முன்சிறுகுடல் புண்ணுக்கு மூலமான அமிலச் சுரப்பைக் குறைப்பதே அவர் இலக்கு. 1943இல் தொடங்கிய அவருடைய அறுவைகளால் அமிலம் குறைந்தது, புண்ணும் ஆறியது. ஆனால் கணிசமானோருக்கு இரைப்பை வெளியேற்ற முடியாமல் நிரம்பித் தேங்கியது. லியோனில் லத்தார்ஜே 1922இலேயே இந்தத் தேக்கத்தைக் கவனித்து, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் மாற்றுவழியைச் சேர்த்திருந்தார். டிராக்ஸ்டெட்டும் அதே முடிவுக்கு வந்தார்: வேகஸை அறுத்தால் வடிகால் அமைத்தே ஆக வேண்டும். 1950களில் ஜோசப் வைன்பர்க் பைலோரோபிளாஸ்டியை ஒரே அடுக்குத் தையலாக எளிமைப்படுத்திய பிறகு, வேகஸ் அறுப்பும் பைலோரோபிளாஸ்டியும் இரட்டையர்போல் சேர்ந்தே பாடநூல்களில் இடம்பெற்றன.

உணவுக்குழாய் அறுவைக்கு வடிகால் வந்து சேர்ந்த வழி இதுவே. உணவுக்குழாயை அகற்றுவோரும் வேகஸை அறுக்கிறார்கள்; எனவே அவர்களும் வடிகால் அமைக்க வேண்டும் என்ற தர்க்கம் யாரும் தனியே நிறுவாமலே ஏற்கப்பட்டது. வயிற்றுக்குள் தன் முழு உருவத்தோடு இருக்கும் இரைப்பையிலிருந்து கிடைத்த பாடம், மார்புக்குள் நிமிர்ந்து நீண்டு நிற்கும் இரைப்பைக்கு அப்படியே பொருந்துமா என்ற ஐயம் அப்போது எழவில்லை. பின்னாளில் எழுந்த சச்சரவுகள் பெரும்பாலும் இந்தக் கேட்கப்படாத கேள்வியிலிருந்தே பிறந்தன.

வடிகாலின் தாய்வீடான புண் அறுவையோ விரைவில் மறைந்தது. 1970களின் பிற்பாதியில் சிமெட்டிடின் போன்ற அமிலம் குறைக்கும் மருந்துகள் வந்தன. 1980களில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரே பெரும்பாலான புண்களின் காரணம் என்று வாரனும் மார்ஷலும் நிறுவினர். வேகஸ் அறுப்பு அரிதாகிப்போனது. பைலோரோபிளாஸ்டி தொடர்ந்து உயிரோடு இருந்த முக்கியமான இடங்களில் ஒன்றாக உணவுக்குழாய் அறுவை எஞ்சியது.

வழக்கம் சோதனைக்கு வருதல்

ஐவர் லூயிஸ் 1946இல் வயிற்றையும் வலது மார்பையும் திறக்கும் முறையை வகுத்தார். இங்கிலாந்தின் மெக்கியோன் 1976இல் கழுத்தில் இணைக்கும் மூன்று கட்ட முறையை விவரித்தார். மிச்சிகனின் ஆரிஞ்சர் 1978இல் மார்பைத் திறக்காமலே உணவுக்குழாயை அகற்றும் வழியை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆரிஞ்சரின் முறையில் பைலோரோமையோட்டமி வழக்கமான ஓர் அங்கம். வேறு சில மையங்களில் பைலோரோபிளாஸ்டி, இன்னும் சிலவற்றில் எதுவுமே இல்லை. எதைச் செய்வது என்பது சான்றைவிடப் பயிற்சி பெற்ற இடத்தையே சார்ந்திருந்தது.

1980களின் நடுவிலிருந்து சீட்டுக் குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து ஒப்பிடும் ஆய்வுகள் தொடங்கின. உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிகுந்த ஆசியாவே இதில் முன்னின்றது. புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் சட்டோபாத்யாயாவும் சக மருத்துவர்களும் கதிரியக்கத் தடயம் கலந்த உணவைக் கொடுத்து, மார்பு இரைப்பை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்பதைப் பைலோரோபிளாஸ்டி செய்தவர்களிடமும் செய்யாதவர்களிடமும் அளந்தனர். தென்னாப்பிரிக்காவில் மார்பெலும்புக்குப் பின்னால் கொண்டுசெல்லப்பட்ட இரைப்பையில் இதே கேள்வி ஆராயப்பட்டது. இவை பெரும்பாலும் சில பத்து நோயாளிகளை மட்டுமே கொண்ட சிறு ஆய்வுகள்.

இவற்றுள் பெரியது ஹாங்காங்கிலிருந்து வந்தது. ஃபோக், செங், வோங் மூவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில் 200 நோயாளிகள் இரு சம பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். வடிகால் இல்லாத 100 பேரில் 13 பேருக்கு இரைப்பை வாய் அடைப்பின் அறிகுறிகள் தோன்றின. பைலோரோபிளாஸ்டி பெற்ற 100 பேரில் யாருக்கும் தோன்றவில்லை. பைலோரோபிளாஸ்டியால் தனிச்சிக்கலும் நேரவில்லை. வழக்கமாக வடிகால் அமைக்க வேண்டும் என்ற தரப்புக்கு இதைவிட வலுவான ஆதாரம் அன்று இல்லை.

2002இல் அர்ஷலும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த 9 சீட்டுக் குலுக்கல் ஆய்வுகளை, மொத்தம் 553 நோயாளிகளை, ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டனர். அறுவைக்குப் பிந்தைய தொடக்க நாட்களின் வாய் அடைப்பை வடிகால் குறைக்கிறது என்பது உறுதிப்பட்டது. ஆனால் இறப்பு, இணைப்புக் கசிவு, நுரையீரல் சிக்கல் ஆகியவற்றில் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. நீண்டகாலத்தில் பித்தநீர் மேலேறுவது, வடிகால் இல்லாதவர்களிடம் குறையும் போக்கு மட்டும் காணப்பட்டது. இக்கணக்கை இரு தரப்பினரும் தங்களுக்குச் சாதகமாக மேற்கோள் காட்டினர்; அதில் வியப்பில்லை, ஏனெனில் அது இரு தரப்புக்கும் ஓரளவு இடம் தந்தது.

பையிலிருந்து குழாய்க்கு

பைலோரஸைச் சுற்றியே வாதம் நடந்துகொண்டிருந்தபோது, அதற்கு மேலே இருந்த உறுப்பின் வடிவம் மாறிக்கொண்டிருந்தது. ஹாங்காங் ஆய்வு நடந்த காலத்தில் முழு இரைப்பையையும் மேலேற்றுவது பரவலான பழக்கம். பின்னர் இரைப்பையின் சிறு வளைவுப் பகுதியைத் தையல் எந்திரத்தால் வெட்டி நீக்கி, பெரு வளைவை ஒட்டி ஏறக்குறைய 3 முதல் 5 சென்டிமீட்டர் அகலமுள்ள குறுகிய குழாயாக அமைப்பது வழக்கமானது. ஜப்பானில் அகியாமா இம்முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். வலது இரைப்பை–வபை இரத்தக்குழாயின் ஊட்டம் அந்தக் குழாயை உயிரோடு வைத்திருக்கிறது. முதல் நோக்கம் நீளம் கூட்டுவதும் புற்றுநோய் பரவும் நிணநீர் முடிச்சுகளை நீக்குவதும்தான். வடிகால் அந்த மாற்றத்தின் எதிர்பாராத பலன்.

இப்பலனை எண்களில் காட்டியது ஆம்ஸ்டர்டாமின் பெமல்மன் குழு 1995இல் வெளியிட்ட ஆய்வு. முழு இரைப்பை பெற்றவர்களில் 38 விழுக்காட்டினருக்குத் தாமத வெளியேற்றம் நேர்ந்தது. இரைப்பையின் கீழ் மூன்றில் இரு பங்கு பயன்பட்டபோது இது 14 விழுக்காடாகவும், குறுகிய குழாயில் 3 விழுக்காடாகவும் இறங்கியது. இதன் இயக்கவியல் கடினமானதல்ல. அகன்ற பை சோர்ந்துகிடந்தால் உள்ளடக்கத்தைத் தள்ளும் விசை அதற்கு இல்லை. மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைகிறது, வயிற்றுக்குள் கூடுகிறது. இந்த வேறுபாடு மார்பிலிருக்கும் பையை மேலும் விரித்து நிரப்பும். நிமிர்ந்த குறுகிய குழாயிலோ உணவு தன் எடையாலேயே கீழிறங்குகிறது. விரிவதற்கு அங்கே சுவர் குறைவு. 

இந்த முடிவை ஹாங்காங் ஆய்வோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அந்த 13 பேரின் பொருள் முழுமையாக விளங்கும். அவர்கள் முழு இரைப்பை பெற்றவர்கள். அடைப்பின் பழி முழுவதும் பைலோரஸ் மீது விழுந்தது. அதில் ஒரு பங்கு பையின் பருமனுக்கு உரியது. பெரிய இரைப்பை மேலேறும் இடத்தில் பைலோரோபிளாஸ்டி பயனுள்ளது என்பது உண்மை. அதே முடிவைக் குறுகிய குழாய்க்கும் நீட்டுவதற்கு அந்த ஆய்வு ஆதாரமாகாது. வடிகால் பற்றிய பல விவாதங்களில் இந்த வேறுபாடு காட்டப்படாமல் போனது வருந்தத்தக்கது. நோயாளிகளின் இரைப்பை எப்படி வடிவமைக்கப்பட்டது என்று சொல்லாத ஆய்வின் முடிவை எங்கே பொருத்துவது என்று யாராலும் சொல்ல இயலாது.

நரம்பறுந்த இரைப்பை என்றென்றும் செயலிழந்தது என்ற நம்பிக்கையும் இதே காலத்தில் ஆட்டம் கண்டது. பெல்ஜியத்தின் கொலார் குழு அழுத்தமானிகளைக் கொண்டு மாற்று இரைப்பையை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்தது. தொடக்கத்தில் அசைவற்றிருந்த இரைப்பையில் காலப்போக்கில் சுருங்கி விரியும் இயக்கம் திரும்புவதை அவர்கள் 1998இல் பதிவுசெய்தனர். மோட்டிலின் ஏற்பியைத் தூண்டும் எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, அறுவைக்குப் பிந்தைய தொடக்க நாட்களிலேயே இந்த இயக்கத்தை எழுப்பக்கூடியது என்பதும் தெரியவந்தது. தேக்கம் பலரிடம் தற்காலிகமானது என்றால், அதற்காக நிரந்தரமாகப் பைலோரஸைப் பிளப்பது நியாயமா என்ற கேள்வி வலுப்பெற்றது.

நிரந்தரப் பிளவின் விலையும் கணக்கில் வரத் தொடங்கியது. பைலோரஸ் திறந்தே கிடந்தால் உணவு மட்டும் கீழிறங்குவதில்லை, பித்தநீரும் மேலேறுகிறது. இனிப்பான உணவு ஒரேயடியாகக் குடலில் கொட்டி, படபடப்பும் மயக்கமும் வரும் டம்பிங் தொல்லையும் சிலருக்கு உண்டு. குறுக்குத் தையல் குழாயின் நீளத்தைச் சற்றே சுருக்கும். கசிவு அரிது என்றாலும் நேர்ந்தால் ஆபத்தானது. 2007இல் மியூன்ஸ்டரிலிருந்து பால்மெஸ் குழு வெளியிட்ட ஆய்வு, வடிகால் செய்முறைகள் குறுகிய குழாயில் வெளியேற்றத்தை மேம்படுத்தவில்லை, பித்தநீர் ஏற்றத்தையே கூட்டின என்று முடித்தது. ராம்ஸ்டெட் தன் தசைப் பிளவை உலகுக்கு அளித்த ஊரிலிருந்தே அதற்கு எதிரான ஆதாரம் வந்தது.

நச்சும் பலூனும்

பைலோரஸைத் திறக்கவும் வேண்டும், நிரந்தரமாகத் திறந்துவிடவும் கூடாது என்ற இரு தேவைக்கும் நடுவே புதிய முறைகள் தோன்றின. போட்டுலினம் நச்சு, நரம்பு நுனியில் அசெட்டைல்கோலின் வெளியாவதைத் தடுத்துத் தசையைத் தளரச் செய்கிறது. சில மாதங்களில் விளைவு நீங்கிவிடும். அறுவையின்போதே 100 முதல் 200 அலகு வரை பைலோரஸ் தசைக்குள் ஊசியால் ஏற்றுவது சில நிமிட வேலை. துளைகள் வழியே கருவி செலுத்திச் செய்யும் அறுவைகள் பெருகிய காலத்தில், உடலுக்குள் தையலிடும் சிரமமில்லாத இந்த முறை விரைந்து பரவியது. பிட்ஸ்பர்க் குழு 2007இல் தாமத வெளியேற்றத்துக்கான சிகிச்சையாக இதைச் சோதித்தது; 2009இல் அலபாமாவின் செர்ஃபோலியோ குழு ஐவர் லூயிஸ் அறுவையிலேயே முன்கூட்டிச் செலுத்தி, நல்ல பலன் கண்டதாக எழுதியது. ஆனால் 2014இல் எமரி பல்கலைக்கழகத்தின் எல்டைஃப் குழு நேர்மாறான முடிவை வெளியிட்டது: நச்சு செலுத்தப்பட்டவர்களுக்கே எதுக்களிப்பும் பின்னாளைய எண்டோஸ்கோபிச் சிகிச்சையும் அதிகம் தேவைப்பட்டன. செர்ஃபோலியோ, எல்டைஃப் குழுக்களின் ஆய்வுகள் இரண்டும் முந்தைய நோயாளிகளின் பதிவேடுகளை ஒப்பிட்டவை. சீட்டுக் குலுக்கிப் பிரித்தவை அல்ல. அத்தகைய ஒப்பீட்டில் மருத்துவரும் காலமும் அறுவை நுட்பமும் சேர்ந்தே மாறுவதால், முரண்பட்ட இரு முடிவுகளும் ஒரே நேரத்தில் நேர்மையானவையாக இருக்க முடியும்.

மற்றொரு சிந்தனை இன்னும் எளியது. அறுவையின்போது பைலோரஸைத் தொடாமல் விட்டுவிட்டு, பின்னர் தேக்கம் வந்தவர்களுக்கு மட்டும் எண்டோஸ்கோபி வழியாகப் பலூனால் விரிப்பது. சிகிச்சை தேவைப்படுவோர் சிறுபான்மையினர் என்றால், அனைவரையும் பிளப்பதைவிட இதுவே சிக்கனமானது. கொலோன் பல்கலைக்கழகத்தின் அனுபவம் உட்படப் பல பதிவுகள், 20 மில்லிமீட்டர் பலூனைவிட 30 மில்லிமீட்டர் பலூன் திரும்பத் திரும்ப விரிக்கும் தேவையைக் குறைப்பதாகக் காட்டின. லோரேத்தா விரலால் செய்ததை இப்போது காற்று செய்கிறது; வயிற்றைக் கீறாமலே. பலூனுக்கும் அடங்காத சிலருக்கு, எண்டோஸ்கோபி வழியே உட்சவ்வுக்கு அடியில் சுரங்கமிட்டுப் பைலோரஸ் தசையைப் பிளக்கும் முறை உண்டு. மனிதரில் இதை முதலில் 2013இல் விவரித்தவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் கஷாப்.

அளவுகோல் ஒன்றானது

இத்தனை ஆய்வுகளும் முரண்பட்டதற்கு ஒரு பெரிய காரணம், தாமத வெளியேற்றம் என்றால் என்ன என்பதிலேயே உடன்பாடு இல்லாதது. ஒருவர் மூக்குவழிக் குழாயில் வடியும் நீரை அளந்தார். ஒருவர் எக்ஸ்ரே நிழலைப் பார்த்தார். மற்றொருவர் நோயாளி சொல்வதைக் கேட்டார். 2020இல் ஸ்வீடனின் கொன்ராட்சன் முன்னின்று நடத்திய பன்னாட்டு வல்லுநர் கலந்தாய்வு பொது வரையறையை வகுத்தது. அறுவைக்குப் பின் முதல் 14 நாட்களுக்குள் நேர்வது தொடக்கத் தாமதம். ஐந்தாம் நாளிலோ அதற்குப் பிறகோ மூக்குவழிக் குழாயில் ஒரு நாளில் 500 மில்லிலிட்டருக்கு மேல் வடிவது, அல்லது மார்பு எக்ஸ்ரேயில் இரைப்பைக் குழாயின் அகலம் இரு மடங்குக்கு மேல் பெருகுவது அதன் அடையாளம். 14 நாட்களுக்குப் பிந்தையது பிற்காலத் தாமதம். சில வாய் உணவிலேயே வயிறு நிரம்பிவிடுதல், வாந்தி, குமட்டல், எதுக்களிப்பு, உடலுக்கு வேண்டிய உணவை உண்ண முடியாமை ஆகிய அறிகுறிகளைக் கொண்டு அது மதிப்பிடப்படுகிறது.

பொது வரையறை வந்த பின் மருத்துவரின் கவனம் பைலோரஸுக்கு அப்பாலும் விரிகிறது. இரைப்பைக் குழாய் மார்புக்குள் மிகுந்த நீளத்தோடு சுருண்டு கிடந்தால், உதரவிதானத் துளை இறுகினால், குழாய் முறுகித் திரும்பினால், பைலோரஸை எவ்வளவு அகலமாகத் திறந்தும் தேக்கம் தீராது. அத்தகைய இடத்தில் தேவைப்படுவது குழாயை நேராக இழுத்து நிறுத்துவதோ துளையைத் தளர்த்துவதோதான். ஆகவே குறுகிய, நேரான, முறுகாத குழாய் அமைப்பதையே முதல் வடிகாலாகக் கொள்ளும் மையங்கள் பைலோரஸைத் தொடுவதில்லை. முழு இரைப்பையையோ அதன் பெரும்பகுதியையோ பயன்படுத்த நேரும்போது பைலோரோபிளாஸ்டிக்கு இன்றும் நியாயம் உண்டு. மார்பெலும்புக்குப் பின்னால் குழாயைக் கொண்டுசெல்லும்போது பாதை நீள்வதால் முடிவு நோயாளிக்கு நோயாளி மாறும். புற்றுநோய் மிக ஆரம்ப நிலையிலிருந்தால், வேகஸைக் காப்பாற்றியபடியே உணவுக்குழாயை மட்டும் உருவி எடுக்கும் முறையும் உண்டு. அங்கே நரம்பு அறுபடாததால் வடிகால் தேவையே எழுவதில்லை.